காயாத மூக்கு

என் இடது காது வலது காதைவிடக் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. நாற்பது வயது வரை இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. பெற்ற தாய் சொல்லவில்லை, கட்டிய மனைவி சொல்லவில்லை, மாதாமாதம் முடி வெட்டுகிறவர்கூட வாயைத் திறக்கவில்லை. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பிரஷ்ஷைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஏழெட்டுப் பேர் முன்னால் போட்டு உடைத்தார்.

"ஏடே, ஒன் எடது காது புறம்போக்குல நிக்கி."

புறம்போக்கு என்றால் யார் பேரிலும் பட்டா இல்லாத நிலம். என் காதை அவ்வளவு கேவலமாக அதற்கு முன் யாரும் பேசியதில்லை. ஓவிய வகுப்பே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அளந்தார், கண்டதைச் சொன்னார், அடுத்து என் மூக்கை அளக்கப் போய்விட்டார்.

அவர் முப்பத்தோரு வருடம் அரசாங்க சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கோட்டை மலையடிவாரத்திலிருந்து கீழப்பாவூர் வயல்கள் வரை அவர் அளவுச் சங்கிலி இழுக்காத இடம் குறைவு. தென்காசியில் எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது, சர்வேயர்தான். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் போட்டிருந்தது, அதைப் படித்ததோடு சரி. நான் அண்ணாச்சி என்பேன். அவர் வீட்டு மாடியில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது அவரும் அவர் மனைவியும் மகள் இருக்கிற ஊரோடு போய்விட்டார்கள், வீடும் கைமாறிவிட்டது. அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் எரிச்சலும் வருகிறது.

வேலையை விட்டு வந்த பிறகும் இலாகா பாஷை அவரை விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை ஒரு முழம் தள்ளி நிறுத்தினால் அது ஆக்கிரமிப்பு. தோசை திருப்பும்போது பிய்ந்தால், "உட்பிரிவு ஆயிட்டு." என் கல்யாணப் போட்டோவை முதன்முதலில் பார்த்தபோது, "கூட்டுப் பட்டாவாடே?" என்று கேட்டார். நானும் என் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

ஆனால் கோடு என்றால் அவருக்குக் கோடுதான். நான் கடைக்குப் புதிதாகப் போர்டு மாட்டிய அன்று வாழ்த்துச் சொல்ல வந்தவர், எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு, வலது பக்கம் முக்கால் அங்குலம் தூக்கல் என்றார். யாருக்கு அண்ணாச்சி தெரியப் போகுது என்றேன். "எனக்குத் தெரிஞ்சுட்டுல்லா," என்றார். அதற்குப் பிறகு அவர் கடைக்குள் வரவில்லை. வெயிலில் நின்றபடியே இருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏணி வாடகைக்கு எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கி அடித்தேன். அதன் பிறகுதான் உள்ளே வந்து காப்பி குடித்தார்.

என் தொழிலோ அதற்கு நேர் எதிர். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், பதவியேற்பு, எதுவானாலும் முகத்தைக் கொண்டு வந்து கொடுத்தால் வெள்ளையாக்கித் தருவேன். மருவை எடுப்பேன், தொப்பையைக் குறைப்பேன், வழுக்கையில் முடி நடுவேன். பேருந்து நிலையத்தைச் சுற்றி நான் அழகாக்கிவிட்ட முகங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி அவற்றை நிமிர்ந்து பார்த்து, "இந்தாளு தம்பிக்குத் தம்பி மாதிரில்லா இருக்கான்," என்று சொல்லிவிட்டு நடப்பார்.

அந்த வீட்டில் குடியேறிய முதல் நாளே ஒரு வேலை என் தலையில் விழுந்தது. சாவி வாங்கக் கீழே போனேன். அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி, அவர் மனைவி, கரண்டியோடு பக்கத்தில் நின்றார். இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை. மதினி என்னைப் பார்த்து, "தம்பி, சாம்பார்ல உப்பு காணுமான்னு கேளுங்க," என்றார். உப்புப் போதுமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் என்னை ஏன் கேட்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சி இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "காணும்னு சொல்லு," என்றார். நான் மதினியிடம் திரும்பி, "காணுமாம்," என்றேன். மதினி திருப்தியாக உள்ளே போனார். நான் சாவியோடு சேர்த்து அந்த உத்தியோகத்தையும் வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.

விஷயம் இதுதான். கீழப்பாவூரில் மதினியின் அண்ணனுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் எல்லைத் தகராறு. அளந்து காட்டச் சொல்லி மனு போட்டார்கள். அந்தப் பகுதிக்கு அப்போது சர்வேயர் நம்ம அண்ணாச்சிதான். வேறு ஆளை அனுப்புங்கள் என்று இவர் எழுதிக் கொடுத்துப் பார்த்தார், ஆள் இல்லை என்று இவரையே அனுப்பிவிட்டார்கள். மைத்துனர் வீட்டில் கறிக்குழம்பு மணக்க மணக்கக் காத்திருந்தது. இவர் சங்கிலியைப் போட்டார், கல்லை நட்டார். மூன்று அடி, காய்த்துத் தள்ளுகிற இரண்டு தென்னை மரங்களோடு, பக்கத்து வயல்காரருக்குப் போய்விட்டது. குழம்பை யாரும் ஊற்றவில்லை. அன்று சாயந்தரம் மதினி பேச்சை நிறுத்தினார். நான் குடிபோகும்போது பதினோராவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

சமையல் நடக்கும், துணி துவைத்து மடித்து வைக்கப்படும், காய்ச்சல் வந்தால் கசாயம் தலைமாட்டுக்கு வரும். நேருக்கு நேர் ஒரு சொல் மட்டும் வராது. மகள் கல்யாணமாகிப் போகும் வரை அவள் நடுவில் நின்றாள். அதற்குப் பிறகு மதினி பூனையிடம் சொல்லுவாராம், அவர் கேட்டுக்கொள்வாராம். பூனை செத்த பிறகுதான் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். என் மனைவி இரண்டு நாள் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தல வலிக்கி, நீங்களே பாத்துக்கோங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் குடிவந்த சில மாதத்தில்தான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக் கொட்டகையில் ஞாயிறுதோறும் எண்ணெய் வண்ண வகுப்பு என்று நோட்டீஸ் அடிக்க ஒரு பெண் என் கடைக்கு வந்தது. ஓவியக் கல்லூரி முடித்த பெண், இருபத்தாறு வயதிருக்கும். நோட்டீஸில் போட்டோவைக் கொஞ்சம் வெளுக்கட்டுமா என்று கேட்டேன். என்னை அது பார்த்த பார்வையில் வெட்கப்பட்டு நானே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். கேள்விப்பட்டு அண்ணாச்சியும் சேர்ந்தார். பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் கான்வாஸும் ஒரு கையில் தன் பழைய கவராயப் பெட்டியுமாக வருவார்.

டீச்சர் சொல்லித்தந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும், அப்போது விவரம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். அதைப் பழுப்பு நிறத்தில், டர்பன்டைன் கலந்து, தண்ணியாகப் போட வேண்டும். அந்தப் பழுப்புப் படம் ஒரு நாளில் காய்ந்துவிடும். அதன் மேல்தான் ஆளி விதை எண்ணெய் கலந்து தோலும் சதையும் கட்ட வேண்டும். "அடியில கணக்கு சரியா இருந்தா மேல என்ன வேணாலும் சரி பண்ணலாம் அங்கிள்," என்றது அந்தப் பெண். அண்ணாச்சிக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போனது.

முதல் மாடலாக லாட்ஜ் வாட்ச்மேன் உட்கார்ந்தார். என் படத்தில் அவர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அண்ணாச்சி படத்தில் அவராகவே இருந்தார், அவருக்குத் தெரியாத மூன்று மருக்களும் சேர்த்து. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வேடிக்கை பார்க்க மாடியேறி வந்த ஒரு ஆள், "அப்படியே இருக்கே!" என்று வாய் பிளந்தார். வாட்ச்மேன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் சார், என்னையப் போலீஸ் தேடுதா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அவர் லீவு போட்டுவிட்டார். அதற்கடுத்து உட்கார்ந்தவன் நான், என் காது கதை அன்றோடு ஊருக்குத் தெரிந்தது. டீக்கடைக்காரர், பூக்கார அம்மா, பேங்க் மேனேஜர் என்று யார் உட்கார்ந்தாலும் ஒரே தடவைதான்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏடே, ஒங்க மதினி உக்காருவாளா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"படத்துக்குத்தான். வரையணும்னா எதுத்தாப்புல ஒரு மணி நேரம் உக்காந்துதான ஆவணும்? நானும் பாத்துத்தான ஆவணும்? பதினோரு வருசமா அவ மொகத்த நேரா நான் பாக்கல. நான் திரும்புனா அவ திரும்பிருதா." கான்வாஸ் என் முதுகில் இடித்தது. "ஒரு வார்த்த பேசிட்டான்னாப் போதும்டே. திட்டுனாக்கூடப் போதும்."

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். இந்த ஆள் இத்தனை ஞாயிற்றுக்கிழமை என் காதையும் வாட்ச்மேன் மருவையும் அளந்து பழகியது இதற்குத்தானா என்று திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் பின்னாலிருந்து, "வண்டிய ரோட்டுலேருந்து இன்னும் ரெண்டடி எறக்கு," என்றார்.

அன்றே தூது போனேன். இருவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

"மதினி, ஒங்களைப் படம் போடணும்னு அண்ணாச்சி சொல்லுதாக."

"எதுக்காம்?"

அண்ணாச்சி பேப்பருக்குள்ளிருந்து, "பழகுததுக்குன்னு சொல்லு," என்றார்.

"பழக ஊர்ல வேற மொகமே இல்லையான்னு கேளுங்க."

"எல்லா மொகமும் ஒரு வாரத்துல ஓடிருதுன்னு சொல்லு."

மதினிக்கு உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அதைச் சட்டென்று விழுங்கிக்கொண்டார். "உக்காருதேன். ஆனா பேச மாட்டேன், சிரிக்க மாட்டேன், கையில வேல இருக்கும். சம்மதமான்னு கேளுங்க."

"பேசாம இருக்க ஆளத்தான் டீச்சரும் மாடலா வைக்கச் சொல்லிருக்கு," என்றார் அண்ணாச்சி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பேச வைக்கிற லட்சணம் இதுவா?

பின்பக்க வராந்தாவில் வடக்கு வெளிச்சம் நன்றாக விழும். அங்கே மதினி சுளகில் முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தார். நான் வாசற்படியில், இருவருக்கும் ஊடால. "லேசா தென்கிழக்கா திரும்பச் சொல்லு," என்பார் அவர். "தென்கிழக்கு எதுன்னு கேளுங்க," என்பார் மதினி. "அடுப்படிப் பக்கம்னு சொல்லு." மதினி திரும்புவார். ஒரு நாள் அண்ணாச்சி தூரத்திலிருந்து அளந்தது போதாமல் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மூக்கை நோக்கி நடந்தார். மதினி சுளகை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கிட்ட வரப்படாதுன்னு சொல்லுங்க!" என்று கத்தினார். கீரையெல்லாம் தரையில் கொட்டியது. அண்ணாச்சி குனிந்து ஒவ்வொரு இணுக்காகப் பொறுக்கிச் சுளகில் போட்டுவிட்டு, தன் இடத்துக்குப் போனார்.

படம் முடியும் வரை யாருக்கும் காட்டக் கூடாது என்பது டீச்சர் சட்டம். அண்ணாச்சி என்னிடமும் காட்டவில்லை. வேலை முடிந்ததும் பழைய வேட்டியால் மூடிவிடுவார்.

ஆனிச் சாரல் பிடித்த சமயம் ஒரு நாள், எண்ணெய் தீர்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்துக் குரல் கம்மியிருந்தது. காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டி, "எண்ணெய் தீந்துட்டு, உள்ள இருக்கு, எடுத்துத் தரச் சொல்லு," என்றார். அவர் சொன்னது பீரோவில் இருந்த இன்னொரு ஆளி விதை எண்ணெய்ப் பாட்டில். நான் மதினியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, "எண்ணெய் தீந்துட்டாம், ஊத்தித் தரணுமாம்." ஒரே ஒரு சொல்தான் மாறியது. அருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு நிற்கிற ஊர் இது. அந்த வீட்டில் எண்ணெய் என்றால் குளிக்க, தாளிக்க, விளக்கேற்ற எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய்தான். மதினி உள்ளே போய் நிறைய ஊற்றிக் கொண்டுவந்தார். டர்பன்டைன் நெடியில் எனக்கும் தெரியவில்லை, அடைத்த மூக்கில் அவருக்கும் தெரியவில்லை. முகம் முழுவதையும் நல்லெண்ணெயில் குழைத்து வரைந்து முடித்தார்.

படம் காயவில்லை. ஒரு வாரம் பார்த்தார், சாரல் ஈரம் என்றார். மூன்று வாரமாகியும் தொட்டால் விரலில் ஒட்டியது. பாட்டிலை வகுப்புக்குக் கொண்டுபோனோம். டீச்சர் மோந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இத தோசைக்குத்தான் ஊத்துவாங்க," என்றது. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும், நல்லெண்ணெய் இறுகாதாம். திரும்பி வரும்போது, கடத்தல்காரனைப் போல நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஓட்டினேன். அண்ணாச்சி என்னைத் திட்டவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடி பிறந்தது. மதினிக்குப் பொறுமை போய்விட்டது. "என் மொகத்த ஒரு மாசமா மூடி வச்சிருக்காகளே, நான் எப்பத்தான் பாக்குதாம்னு கேளுங்க," என்றார். அண்ணாச்சி எழுந்துபோய், படத்தை மூடியிருந்த வேட்டியை எடுத்தார்.

படம் என் கடையில் அடித்த மாதிரி இருந்தது. மதினியின் மூக்கு நிஜத்தில் இடது பக்கம் சாய்ந்திருக்கும், சின்ன வயதில் படித்துறையில் விழுந்தது. அதே விழுகையில் முகவாயில் ஒரு தழும்பு. படத்தில் மூக்கு அடிமட்டம் வைத்த மாதிரி நேராக நின்றது. தழும்பைக் காணோம். நரை ஒன்றுகூட இல்லை. பதினைந்து வயது குறைந்து, நிறமும் இரண்டு படி கூடியிருந்தது. முக்கால் அங்குலத்துக்காக என்னை வெயிலில் ஏணி ஏறவைத்த மனிதரா இதைப் போட்டார்?

மதினி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தின் கிட்டே போனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார். என் பக்கம் இல்லை.

"ஏங்க, இது ஆரு?"

பழக்க தோஷத்தில் நான், "அண்ணாச்சி, இது ஆருன்னு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒங்களத்தான் கேக்கேன்," என்றார் மதினி, அவரைப் பார்த்து. "எங்கண்ணனுக்கு மூணு அடி தள்ளி வைக்க மாட்டேன்னு மல்லுக்கு நின்னிய. காய்க்கித மரம் ரெண்டு போச்சு. நாங்க கால்ல விழாத கொற. அன்னைக்கு இம்மி அசையல. இன்னைக்கு எம் மூக்க எம்புட்டுத் தள்ளி வச்சிருக்கிய? எந் தழும்பு எங்க? நர எங்க?"

"நல்லாருக்கட்டுமேன்னு..."

"அப்ப நான் நல்லால்லயோ?"

முப்பத்தோரு வருடம் எத்தனையோ பேர் அண்ணாச்சியிடம் சண்டைக்கு வந்திருப்பார்கள், இப்படித் திகைத்து நின்றிருக்க மாட்டார்.

"துணிய எடுங்க. தொடைங்க அத."

அவர் துணியை எடுத்துத் துடைத்தார். ஒரு மாதம் ஆகியும் ஈரம் மாறாத மூக்கு ஒரே இழுப்பில் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் பழுப்புப் படம் தெரிந்தது, முதல் நாளே போட்டு, அன்றே காய்ந்துபோனது. அதில் மூக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது. முகவாயைத் துடைத்தார், தழும்பு இருந்தது. காதோரத்தைத் துடைத்தார், நரைக்காக வண்ணம் போடாமல் விட்ட வெளிச்சம் ஒவ்வொரு இழையாக இருந்தது. ஒன்றுகூட விடவில்லை, எதுவும் இம்மி தள்ளவில்லை. அவ்வளவு பார்த்திருந்தார்.

மதினியின் கை தன் மூக்குக்குப் போனது.

"இத எப்ப போட்டிய?"

"மொத நாளு."

"பொறவு எதுக்கு மேல இத்தன பூச்சு?"

அவர் துணியை மடித்துக்கொண்டே நின்றார். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இந்த நாத்தம் பிடிச்ச தண்ணி கண்ண எரிக்கி," என்றார், டர்பன்டைன் பாட்டிலைக் காட்டி, அவரிடமே.

நான் மெல்ல நழுவி மாடிக்கு வந்தேன். என் கண்ணும் கலங்கியிருந்தது. டர்பன்டைன் என்று மனைவியிடம் சொன்னேன். மாடிக்கு எப்படி டர்பன்டைன் வந்தது என்று அவள் கேட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரே சத்தம். பதினோரு வருடத்துச் சண்டையை முறைப்படி, வருட வாரியாக, மதினி தொடங்கினார். தென்னை மரத்தில் ஆரம்பித்து, மகள் கல்யாணத்தில் பந்தல் கால் நட்ட இடம் வரை. அண்ணாச்சியும் விட்டுக்கொடுக்கவில்லை, அளவு சரிதான் என்று சாதித்தார். நான் கீழே போனால், "ஒனக்குக் கடைக்கு நேரமாகலையா?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பத்து நாள் கழித்து அவர் வராந்தாவில் தனியாகப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நெசமாச் சொல்லுங்க. அழகாருக்கட்டும்னு ஆசப்பட்டுப் போட்டியளா, இல்ல வேணும்னே போட்டியளா?"

அவர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கல்லச் சரியா நட்டோம்னு வையி, பட்டாதாரன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். ஒரு சாண் தள்ளி நட்டுப் பாரு, சாப்புட்ட கையக் கழுவாம ஓடியாந்துருவான். நான் எவனுக்கும் அப்படி நட்டதில்லடே. இந்த ஒரு வாட்டிதான்."

"ஏங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இட்லி ஆறிப்போவுது, அங்க என்ன பேச்சு?"

எண்ணெய் சொட்டுகிற பிரஷ்ஷை என் கையில் திணித்துவிட்டு அவர் ஓடினார். அந்த வயதில் ஒரு மனிதர் இட்லிக்காக அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.